ஃபோர்க் கசிகிறது, சரி. கசிவது எந்த ஆயில்?

மவுண்டன் பைக் எனப்படும் கரடுமுரடான பாதைக்கான சைக்கிளை ஓட்டுபவர்கள் கூடிப் பேசும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் புகார், 'ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது' என்பது. அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான்: 'சீல் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்.' கேள்வியும் பதிலும் இப்படி ஒரே வரியில் முடிந்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முன்சக்கரத்தை இரு கால்களுக்கு இடையே பிடித்து, பள்ளங்களில் அமுங்கி எழும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கினுள் இருப்பது ஒரே ஆயில் அல்ல. வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு வேலைக்காக, வெவ்வேறு அளவில் ஊற்றப்பட்ட ஆயில்கள் அதில் இருக்கின்றன. அவை வெளியேறும் வழிகளும் வேறு வேறு. மேற்குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தெரிந்ததற்காக நன்றாக இருக்கும் சீலைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. உள்ளே துள்ளலை அடக்கும் டேம்பர் என்ற பகுதியே காலியாகிக்கொண்டிருக்க, வெளிச் சீலை மட்டும் மாற்றிவிட்டு ஒரே மாதத்தில் அதே கசிவோடு திரும்பி வருபவர்களும் உண்டு. எங்கிருந்து கசிகிறது என்பதைக் கவனித்தால் எது கசிகிறது என்பது தெரியும். எது கசிகிறது என்பது தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும். அந்த வரிசையிலேயே இக்கட்டுரை செல்கிறது.

அமுங்குவது ஒன்று, அடக்குவது இன்னொன்று

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பின் வாயை விரலால் அழுத்தி அடைத்துக்கொண்டு, கைப்பிடியைக் கீழே தள்ளிப் பாருங்கள். முதலில் எளிதாக இறங்கும், போகப்போக இறுகும், கையை எடுத்தால் தானாக மேலே எழும்பும். உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி விரிவதால் இது நடக்கிறது. இன்றைய மவுண்டன் பைக் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் ஒரு காலில் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. அதற்கு ஏர் ஸ்பிரிங் என்று பெயர். சில ஃபோர்க்குகளில் காற்றுக்குப் பதிலாக இரும்புச் சுருள் இருக்கும், வேலை ஒன்றுதான். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொண்டு அமுங்குவதும், பிறகு சைக்கிளின் முன்பகுதியைப் பழைய உயரத்துக்குத் தூக்குவதும் ஸ்பிரிங்கின் பொறுப்பு.

ஆனால் ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை வைத்துக்கொள்வதில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வெறும் ஸ்பிரிங் மட்டும் உள்ள ஃபோர்க், தரையில் போட்ட ரப்பர் பந்து போல ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். அடுத்த கல் வரும் நேரத்தில் முன்சக்கரம் தரையில் இருக்காது. இந்தத் துள்ளலை அடக்குவதற்காக மற்றொரு காலில் இருப்பது டேம்பர். அலுவலகக் கதவுகளின் மேல்விளிம்பில், கதவு படாரென்று சாத்திக்கொள்ளாமல் மெதுவாக மூடும்படி ஒரு கருவியைப் பொருத்தியிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளலாம். அதனுள் ஆயில் இருக்கிறது. கதவு நகரும்போது அந்த ஆயில் ஒரு சிறு துளை வழியாக நெருக்கிக்கொண்டு போயாக வேண்டும். நெருக்கடியான வழியில் ஆயிலைத் தள்ளுவதற்கு ஆற்றல் செலவாகிறது. அந்த ஆற்றல் வெப்பமாக மாறிப் போய்விடுகிறது. ஃபோர்க்கின் டேம்பரும் இதையேதான் செய்கிறது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு டேம்பர் உள்ள கால் சற்றுச் சூடாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அமுங்கிய ஃபோர்க் மறுபடி நீளும் வேகத்தை ரீபவுண்ட் என்பார்கள். அந்த வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு திருகு, பெரும்பாலான ஃபோர்க்குகளில் வலது காலின் அடியில் இருக்கும். ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் வழக்கமான மாடல்களிலும் இடது காலில் ஏர் ஸ்பிரிங்கும் வலது காலில் டேம்பரும் இருக்கும். இந்த இடது வலதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கசிவைப் பற்றிய பேச்சில் இது திரும்பத் திரும்ப வரும்.

மூன்று ஆயில், மூன்று வேலை

ஃபோர்க்கின் மேற்பகுதியில், ஹேண்டில்பாருக்குக் கீழே தொடங்கும் இரண்டு பளபளப்பான குழாய்கள் இருக்கின்றன. இவற்றை மேற்குழாய்கள் என்போம். இவற்றின் மேல் உறை போல ஏறி இறங்குவதும், அடியில் சக்கரத்தைப் பிடித்திருப்பதுமான இரட்டைக்கால் பகுதிக்கு லோயர் என்று பெயர். பெரும்பாலும் மெக்னீசிய உலோகக் கலவையில் வார்க்கப்பட்டது. கத்தியும் உறையும் போல ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இந்த அமைப்புக்குள்தான் மூன்று ஆயில்களும் இருக்கின்றன.

முதலாவது டேம்பர் ஆயில். மூடிய உருளை ஒன்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும் இது, மெல்லிய துளைகளின் வழியாக ஓடி, அசைவை அடக்குகிறது. இதன் கெட்டித்தன்மை மிக முக்கியம். ஒரே துளை வழியாகத் தண்ணீர் ஓடுவதற்கும் தேன் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்தால் காரணம் புரியும். நிறுவனம் சொன்னதை விடக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் ரீபவுண்ட் மந்தமாகும். நீர்த்த ஆயிலை ஊற்றினால் துள்ளும். புட்டிகளின் மேல் 5 என்றும் 10 என்றும் அச்சிடப்பட்டிருக்கும் எண்களை நம்பி ஒரு நிறுவனத்தின் ஆயிலுக்கு மாற்றாக இன்னொன்றை ஊற்றுவது சரியல்ல. அந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. 40 டிகிரி செல்சியசில் அளந்த சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) அளவுதான் உண்மையான ஒப்பீட்டுக்கு உதவும்.

இரண்டாவது லோயர் ஆயில். இது அடக்கும் வேலையைச் செய்வதே இல்லை. உராய்வைக் குறைக்க மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு காலின் அடியிலும் சிறிதளவு தேங்கிக் கிடந்து, ஃபோர்க் அமுங்கும்போது மேலே தெறித்து, சறுக்கும் பரப்புகளை நனைக்கிறது. எவ்வளவு சிறிதளவு என்றால், மாடலைப் பொறுத்து ஒரு காலுக்கு 5 முதல் 40 மில்லிலிட்டர் வரைதான். பல மாடல்களில் 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி. முதன்முறை லோயரைக் கழற்றுபவர்கள் இதைக் கண்டு 'இவ்வளவுதானா, மீதியெல்லாம் கசிந்து போய்விட்டதோ' என்று பதறுவதுண்டு.

மூன்றாவது, ஏர் ஸ்பிரிங்கின் காற்றறைக்குள் அதன் பிஸ்டன் சீல்கள் வறண்டுவிடாமல் இருக்க இடப்படும் சில சொட்டு ஆயில் அல்லது கிரீஸ். அளவில் மிகக் குறைவு; வால்வைத் திறந்து காற்றை வேகமாக வெளியேற்றும்போது ஆயில் புகையாகத் தெறிப்பது இதுதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஃபோர்க் என்றாலே அதன் கால் நிறைய ஒரே ஆயில்தான் என்ற எண்ணம் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வழக்கமான மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட ஆயில் இருக்கும். அடக்குவதும் உராய்வைக் குறைப்பதும் அந்த ஒரே ஆயில்தான். 1990களின் பிற்பகுதியில் வந்த மார்சோக்கி பாம்பர் என்ற மவுண்டன் பைக் ஃபோர்க்குகளும் இத்தகைய திறந்த குளியல் முறையில் அமைந்தவையே. அந்த அமைப்பில் 'ஆயில் குறைந்தது' என்றால் அடக்கும் திறனும் குறைந்தது என்று பொருள். டேம்பர் தனி உருளைக்குள் அடைபட்ட இன்றைய ஃபோர்க்கில் அந்தச் சமன்பாடு செல்லாது. லோயர் ஆயில் முழுவதும் போய்விட்டாலும் டேம்பர் பழையபடி வேலை செய்துகொண்டிருக்கும். டேம்பர் ஆயில் பாதி போய்விட்டாலும் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் இருக்கலாம்.

சீல் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பொருள்கள்

மேற்குழாய் லோயருக்குள் நுழையும் இடத்தில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று வெளியே தெரியும். இதற்கு வைப்பர் சீல் என்று பெயர். காரின் முன்கண்ணாடியில் நீரை வழித்துத் தள்ளும் வைப்பரைப் போலவே, இதன் வெளி உதடு மேற்குழாயில் ஒட்டிய தூசியை வழித்து வெளியிலேயே நிறுத்துகிறது. உள் உதடு ஆயிலை உள்ளே நிறுத்துகிறது. பழைய ஃபோர்க்குகளில் தூசிக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று என இரண்டு தனி வளையங்கள் இருந்தன. இப்போது பெரும்பாலும் ஒன்றே இரண்டையும் செய்கிறது.

அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு ஸ்பாஞ்சு வளையம் இருக்கிறது. அலுவலகங்களில் முத்திரை குத்துவதற்கு மைத்தட்டு வைத்திருப்பார்கள். அதில் மை ஊறியிருப்பது போல இந்த வளையத்தில் ஆயில் ஊறியிருக்கும். ஒவ்வொரு முறை மேற்குழாய் கடந்து போகும்போதும் அது மெல்லிய பூச்சாக ஆயிலைத் தடவி அனுப்புகிறது. மைத்தட்டு காய்ந்தால் முத்திரை பதியாது. ஸ்பாஞ்சு காய்ந்தால் ஃபோர்க் சிறு கற்களுக்கு அசைந்து கொடுக்காமல் முரண்டு பிடிக்கும். தூசி நுழையும்போது அதை முதலில் வாங்கிக்கொள்வதும் இந்த வளையம்தான், எனவே அழுக்கேறிய ஸ்பாஞ்சு ஒரு மெல்லிய உப்புத்தாளாக மாறி மேற்குழாயைத் தேய்க்கத் தொடங்குகிறது.

இன்னும் கீழே, லோயரின் உட்சுவரில், புஷ் எனப்படும் வழுவழுப்பான உலோக வளையங்கள் ஒரு காலுக்கு இரண்டு வீதம் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கின்றன. மேற்குழாய் உண்மையில் சறுக்குவது இவற்றின் மீதுதான். சீலைப் போல இவற்றை வீட்டில் மாற்ற இயலாது. ஆகவே இவற்றைக் காப்பாற்றுவதே மற்ற பராமரிப்பு அனைத்தின் நோக்கம் என்று நான் கருதுகிறேன்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: ஸ்பிரிங் தூக்குகிறது, டேம்பர் அடக்குகிறது. டேம்பர் ஆயில் அடைபட்ட உருளைக்குள் இருக்கிறது. லோயர் ஆயில் அடியில் சில தேக்கரண்டி அளவே இருந்து சறுக்கலுக்கு உதவுகிறது. வைப்பர் சீல் வாசற்காவல், ஸ்பாஞ்சு வளையம் அதன் பின்னால் இருக்கும் மைத்தட்டு.

ஈரம் வேறு, கசிவு வேறு

வண்டியை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் மேற்குழாயில், ஃபோர்க் அமுங்கிய உயரத்தில், தூசி ஒட்டிய மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று தெரியும். இது கசிவு அல்ல. ஸ்பாஞ்சு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். விரலால் தொட்டால் ஈரம் உணரப்படும், ஆனால் வழியாது. புதிதாகச் சீல் மாற்றிய ஃபோர்க்கில் முதல் சில ஓட்டங்களில் இந்த வளையம் சற்றுத் தடிமனாகவே இருக்கும். பொருத்தும்போது தடவிய மிகையான கிரீஸ் வெளியேறுவதுதான் அது. மாறாக, ஒரு மாதமாகியும் மேற்குழாய் எப்போதும் உலர்ந்த எலும்பு போலப் பளபளவென்று இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். உள்ளே மைத்தட்டு காய்ந்திருக்கக்கூடும்.

மேற்குழாயைத் துடைத்துவிட்டு, பத்து முறை ஃபோர்க்கை அமுக்கி எடுத்தவுடன் சொட்டாகத் திரண்டு லோயரின் வெளிப்புறத்தில் வழிந்தால் அது கசிவு. ஒரு காலில் மட்டும் வழிந்து மற்றொன்று உலர்ந்திருந்தாலும் ஐயப்பட வேண்டும். இரண்டு கால்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, எவ்வளவு வழிகிறது என்பதை விட அதிகச் செய்தி சொல்லும்.

கசியும் இடத்தைப் படிப்பது

மேலே, வைப்பர் சீலைச் சுற்றிக் கசிந்தால் எளிய காரணம் சீலின் உதட்டுக்கடியில் சிக்கிய ஒரு மணல் துகளாக இருக்கலாம். அல்லது உதடு தேய்ந்தோ வெயிலில் விறைத்தோ போயிருக்கலாம். இவை சீலைச் சுத்தம் செய்வதாலும் மாற்றுவதாலும் தீரும். அடுத்த காரணம் மேற்குழாயில் விழுந்த கீறல். நகத்தை மேலும் கீழுமாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நிற்கும் கீறல் ஒவ்வொரு அமுங்கலிலும் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் விரைவில் போகும். சீல் எட்டாத உயரத்தில் விழுந்த கீறல் பற்றிக் கவலையில்லை. சறுக்கும் பகுதியில் விழுந்த மிகச் சிறிய கொத்தல்களின் மேடான விளிம்பை 2000 எண் உப்புத்தாளால் நீர் விட்டு மிக இலேசாகத் தேய்த்துச் சமன் செய்வார்கள். நீளமான கீறலுக்கு அது மருந்தல்ல. மேற்குழாயின் பூச்சு கறுப்பாக இருந்தாலும், காஷிமா எனப்படும் பொன்னிறமாக இருந்தாலும், அது அலுமினியத்தின் மேல் உருவாக்கப்பட்ட மெல்லிய, கடினமான ஒரு படலமே. அது தேய்ந்து அடியிலுள்ள வெள்ளை உலோகம் தெரியத் தொடங்கினால் மேற்பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம்தான் பலரையும் ஏமாற்றுவது. சில ஆண்டுகளுக்கு முன் என் ஃபோர்க்கின் வலது கால் மட்டும் மேலே கசிந்தது. சீலை மாற்றினேன்; இரண்டு வாரத்தில் மறுபடி கசிந்தது. இன்னொரு சீல் வாங்கி, மேற்குழாயை நகத்தால் நான்கு முறை சோதித்து, மறுபடி மாற்றினேன், மறுபடியும் கசிந்தது. மூன்றாம் முறை லோயரைக் கழற்றுவதற்கு முன் அடியில் அளவுக் குவளையை வைத்தேன். வலது காலில் நான் ஊற்றியது 10 மில்லிலிட்டர். குவளையில் வடிந்தது 40க்கும் மேல். நான் ஊற்றியது வெளிர் மஞ்சள், வந்தது சிவப்பு. இரண்டு மாதமாக நான் குற்றம் சாட்டிய சீல் ஒரு தவறும் செய்யவில்லை. டேம்பர் உருளையின் அடிச் சீல் தேய்ந்து, டேம்பர் ஆயில் லோயருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லோயரில் ஆயில் மட்டம் ஏற ஏற அங்கே காற்றுக்கு இடம் குறைகிறது; ஃபோர்க் ஆழமாக அமுங்கும்போது அந்தக் காற்று மிக இறுகி, எந்தச் சீலாக இருந்தாலும் அதன் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியே அனுப்புகிறது. திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் முன்பே இருந்தன: ரீபவுண்ட் திருகை எத்தனை சுற்றினாலும் ஃபோர்க் முன்பை விட வேகமாகத் துள்ளியது, அமுங்கும்போது உள்ளே நீர் கலங்குவது போல ஒரு சத்தமும் கேட்டது. கழற்றும்போது வடியும் ஆயிலை அளக்காமல் கொட்டக்கூடாது என்பதை அதன் பிறகு ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

அடியில் கசிவது வேறு கதை. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட், உள்ளே இருக்கும் தண்டை லோயரோடு பிணைக்கிறது. போல்ட்டின் தலைக்கும் லோயருக்கும் நடுவே மென்மையான வாஷர் ஒன்று இருக்கிறது. முடுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது அடுத்த முறை சரியாக அடைக்காது. போல்ட்டைச் சுற்றி ஈரம் தெரிந்தால் பெரும்பாலும் பழைய வாஷரோ, சரியாக முடுக்கப்படாத போல்ட்டோதான் காரணம். வருவது லோயர் ஆயில். ஆனால் வலது காலில் ரீபவுண்ட் திருகு உட்கார்ந்திருக்கும் நடுத்துளையிலிருந்தே ஆயில் வந்தால், உள்ளீடற்ற தண்டின் வழியாக டேம்பர் ஆயில் இறங்குகிறது என்று ஐயப்பட வேண்டும். இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் தூரம்தான். செலவிலும் வேலையிலும் பெரிய வேறுபாடு. ஆகவே நன்றாகத் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றி வைத்து, ஈரம் முதலில் எங்கே பதிகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

உச்சியில், வலது காலின் மூடியைச் சுற்றிக் கசிந்தால் அது டேம்பரின் மேல் மூடியில் உள்ள ரப்பர் வளையம். இது அரிது.

கண்ணுக்கே தெரியாத கசிவும் உண்டு. அது காற்றின் கசிவு. ஏர் ஸ்பிரிங்கின் பிஸ்டனுக்கு மேலே ஒரு அறை, கீழே ஓர் எதிர் அறை என இரண்டு காற்றறைகள் இருக்கின்றன. பிஸ்டன் சீல் தேய்ந்து மேலறைக் காற்று கீழறைக்குப் போனால் ஃபோர்க் தானாகவே குட்டையாகிக் கீழே இழுத்துக்கொள்ளும். கீழறையின் அடிச் சீல் தேய்ந்தால் காற்று லோயருக்குள் புகுந்து, அங்கிருந்து லோயர் ஆயிலை வைப்பர் சீல் வழியாக வெளியே தள்ளும். இடது காலில் மேலே ஆயில் வழிவதோடு, காற்றழுத்தமும் வாரத்துக்கு வாரம் குறைந்தால் இந்தத் திசையில் தேடுங்கள்.

சுருக்கமாக: மேலே கசிந்தால் சீல், கீறல், அல்லது உள்ளேயிருந்து தள்ளும் அழுத்தம்; அடியில் போல்ட்டைச் சுற்றி என்றால் வாஷர்; திருகின் நடுவிலிருந்து என்றால் டேம்பர்.

பிரேக் டிஸ்க் பக்கத்தில் கசிந்தால்

முன் டிஸ்க் பிரேக் இடது காலில் பொருத்தப்பட்டிருக்கும். இடது காலில் வழியும் ஆயில் சில சென்டிமீட்டர் பயணித்தால் டிஸ்க்கையும் பிரேக் பேடையும் அடைந்துவிடும். ஆயில் ஊறிய பேட் பிடிக்காது. பெரும்பாலும் அதைச் சுத்தம் செய்து மீட்கவும் முடியாது, புதிது போட வேண்டும். மற்ற கசிவுகளோடு வார இறுதி வரை வண்டியை ஓட்டலாம் என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. இந்தக் கசிவோடு இறக்கத்தில் இறங்காதீர்கள். வேலை செய்யும்போதும் சக்கரத்தைக் கழற்றித் தொலைவில் வைத்துவிட்டு, பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பரைப் பிளாஸ்டிக் உறையால் கட்டிய பிறகே ஆயில் புட்டியைத் திறக்க வேண்டும்.

50 மணி நேரத்துக்கு ஒருமுறை

ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லோயர் சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழுச் சர்வீஸ் செய்யச் சொல்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி நேரம் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். புழுதியிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் இதை விட முன்னதாகவே செய்வது நல்லது.

லோயர் சர்வீஸ் என்பது டேம்பரைத் தொடாமல், லோயரை மட்டும் கழற்றி, சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றிப் பொருத்துவது. பொறுமையும் சுத்தமான மேசையும் உள்ள எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. முதலில் காற்றழுத்தத்தையும் ரீபவுண்ட் திருகின் நிலையையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு காற்றை முழுவதும், மெதுவாக வெளியேற்ற வேண்டும். காற்றை வெளியேற்றியும் ஃபோர்க் கீழே இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வீட்டில் எதையும் திறக்கக்கூடாது. ரீபவுண்ட் திருகைக் கழற்றி, அடி போல்ட்களை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட்டின் தலையை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள் தண்டு விடுபடும். அதன் பின் போல்ட்களை முழுவதும் எடுத்துவிட்டு, கீழே பாத்திரத்தை வைத்து லோயரை உருவலாம்.

வடியும் ஆயிலைச் சற்று நேரம் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. பென்சில் கரியைக் கரைத்தது போலச் சாம்பல் நிறத்தில், வெளிச்சத்தில் மினுமினுத்தால் அதில் இருப்பது தேய்ந்த உலோகத்தூள். இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே இடைவெளியை நீங்கள் அதிகமாக விட்டுவிட்டீர்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அளவு குறைவாக இருந்தால் வெளியே கசிந்திருக்கிறது. ஊற்றியதை விட அதிகமாக இருந்தால் மேலே சொன்ன டேம்பர் கதை.

உட்புறத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் நீண்ட குச்சியின் உதவியோடு துடைக்க வேண்டும். ஸ்குரூடிரைவர் போன்ற கூரிய இரும்பை உள்ளே விடவே கூடாது. மெக்னீசியமும் புஷ்களும் எளிதில் கீறப்படும். ஸ்பாஞ்சு வளையங்களைக் கழுவி உலர்த்தி, அல்லது புதியன வாங்கி, லோயர் ஆயிலில் நன்றாக ஊறவைத்துத் திரும்பப் பொருத்த வேண்டும். சீலின் உள் உதட்டில் சஸ்பென்ஷன் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும்.

மேற்குழாய்களை லோயருக்குள் பாதி வரை நுழைக்கும்போது சீலின் உதடு மடங்காமல் இருக்கிறதா என்று இரு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் மடங்கிய உதடு அன்றே கசியத் தொடங்கும். பிறகு ஃபோர்க்கைச் சாய்த்து, அடித்துளை வழியாக ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சால் உங்கள் மாடலுக்குரிய அளவு ஆயிலை ஒவ்வொரு காலிலும் செலுத்த வேண்டும். அளவு இரு கால்களுக்கும் வேறாக இருக்கலாம், நிறுவனத்தின் கையேட்டைப் பார்த்தே ஆகவேண்டும். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று கூடுதலாக ஊற்றுவது நன்மை போலத் தோன்றும். நடப்பது அதற்கு மாறானது. மிகுதி ஆயில் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கின் அசைவைக் குறைப்பதோடு சீல் வழியாக வெளியேறவும் பார்க்கும். லோயரை முழுவதும் தள்ளி, புது வாஷரோடு போல்ட்டை முடுக்க வேண்டும். பல ராக்‌ஷாக்ஸ் மாடல்களுக்கு இது சுமார் 7 நியூட்டன் மீட்டர். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் கைப்பலத்தால் முடுக்கி, போல்ட்டின் மரையை அழித்தவர்கள் ஏராளம்.

அன்றாடம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மேற்குழாயையும் சீலின் விளிம்பையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சீலின் ஆயுளைக் கூட்டுவதில் இந்த அரை நிமிட வேலைக்கு இணையாக எதுவும் இல்லை. பீய்ச்சியடிக்கும் வாட்டர் சர்வீஸ் குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது. அந்த அழுத்தம் தூசியை நீரோடு சேர்த்து உதட்டைத் தாண்டி உள்ளே தள்ளிவிடும். சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரே ஆயிலையும் துருநீக்கி ஸ்பிரேயையும் மேற்குழாயில் அடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அடித்தவுடன் ஃபோர்க் வழுக்கிக்கொண்டு போவதால் நன்மை என்று தோன்றுகிறது, ஆனால் அதிலுள்ள கரைப்பான் சீலின் கிரீஸைக் கழுவிவிடுகிறது. மீந்த பிசுக்கில் தூசி ஒட்டிக்கொள்கிறது.

வாரக்கணக்கில் நிறுத்திவைத்த சைக்கிளை எடுக்கும்போது, ஓட்டுவதற்கு முன் பத்து நிமிடம் தலைகீழாக வைத்தால் அடியில் தேங்கிய ஆயில் இறங்கி ஸ்பாஞ்சு வளையத்தை மறுபடி நனைக்கும். உயரமான மலைப்பகுதிக்கு எடுத்துச் சென்றபோது ஃபோர்க் திடீரென்று விறைப்பாகத் தோன்றினால் அது பழுதல்ல. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். மலையடிவாரத்தில் பூட்டப்பட்ட லோயருக்குள் பழைய அழுத்தம் அப்படியே இருப்பதால் உள்ளிருந்து தள்ளுகிறது. ஃபாக்ஸின் புதிய சில மாடல்களில் இதை வெளியேற்ற லோயரின் பின்புறம் சிறு பொத்தான்கள் இருக்கின்றன. பொத்தான் இல்லாதவற்றில் வயர்களைச் சேர்த்துக் கட்டும், மழுங்கிய முனையுள்ள பிளாஸ்டிக் டை (கேபிள் டை) ஒன்றைச் சீலின் ஓரமாக மெதுவாக நுழைத்துக் காற்றை விடுபவர்களும் உண்டு. உலோகக் கம்பியை அங்கே ஒருபோதும் கொண்டு போகாதீர்கள்.

பட்டறையில் என்ன சொல்வது

புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மறுகையின் விரல்களைச் சீல் மேற்குழாயைத் தொடும் இடத்தில் வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலுக்கடியில் 'டொக் டொக்' என்று தட்டினால் புஷ். அதே தட்டல் ஹேண்டில்பாருக்கு அடியில் உணரப்பட்டால் அது ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்), ஃபோர்க் அல்ல. புஷ் மாற்றுவதற்கும், டேம்பரைத் திறந்து காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புவதற்கும் தனிக் கருவிகள் தேவை. முதல் முயற்சியை உங்கள் சொந்த ஃபோர்க்கில் செய்து பார்ப்பதை விட நல்ல பட்டறையில் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

கொடுக்கும்போது 'ஆயில் கசிகிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். 'வலது கால், மேல் சீலில் வழிகிறது, சர்வீஸ் செய்து 30 மணி நேரம்தான் ஆகிறது, 10 மில்லிலிட்டர் ஊற்றினேன், ரீபவுண்ட் போன மாதத்திலிருந்து வேகமாகிவிட்டது' என்று சொல்லுங்கள். ஃபோர்க்கைத் திறப்பதற்கு முன்பே மெக்கானிக்கின் கை டேம்பர் பக்கம் போகும்.